எட்வின் அண்ணன் வரையும் ஊஞ்சல்

எங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் வீட்டின் முதல் வரைவை இயந்திரம்தான் போடும். குடும்பத்தின் மருத்துவ விவரங்களைப் படித்துவிட்டு, பத்து வருடம் கழித்து அவர்களுக்குத் தேவைப்படும் வீட்டையும் தோட்டத்தையும் வரையும். குழந்தை தங்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டால் குழந்தைக்கு அறை போடாது. அழுகிறவர்கள் வீடு கட்டமாட்டார்கள் என்பார் முதலாளி. அதனால் அவர்கள் பார்ப்பதற்குள் நானும் எட்வின் அண்ணனும் அறையையும் ஊஞ்சலையும் கையால் சேர்த்துவிடுவோம்.

இன்று என் வீட்டு வரைவு வந்தது. எனக்கு ஏழாம் மாதம்.

"பாப்பா ரூமுக்கு நேரா வேப்பமரம், அதுல ஊஞ்சல்! பாத்தியா வாணி?" என்று என் கணவர் சிபி தாளை விரித்துக் காட்டினார்.

பார்த்தேன். ஊஞ்சலின் இடது கயிறு கொஞ்சம் நீளம். இயந்திரத்துக்கு அப்படி வரையத் தெரியாது. எட்வின் அண்ணனுக்கோ ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை; எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

எதிரே இருந்த எட்வின் அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டே, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார். "ஏதாச்சும் மாத்தணுமாம்மா?"

சிபி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கயித்த மட்டும் சரி பண்ணிருங்கண்ணா," என்றேன்.