இடது ஓரம்

"சுவிட்சை யாராவது தொட்டீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தகரம் பிளக் பாயிண்டை மறைத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

பார்சல் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் அவன். வாயைத் திறந்தால் தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். ஆறு வருடமாக இரவு ஷிஃப்ட். மனைவிக்குப் பகல் வேலை. இருவரும் பார்த்துக்கொள்வதே மாடிப்படியில்தான்; ஒருத்தி இறங்க, ஒருத்தன் ஏற.

பகல் ஷிஃப்டில் ஓர் இடம் காலியானது. கேட்டவர்கள் இரண்டு பேர்: தகரமும், அதே இரவு ஷிஃப்டில் லேபிள் ஒட்டும் அக்காவும். சர்வீஸும் சமம், லீவும் சமம். யார் பக்கம் சாய்ந்தாலும் வம்பு என்று பயந்த சூப்பர்வைசர், சாப்பாட்டு அறை மூலையில் பழைய டப்பா மானிட்டரில் ஓடும் விண்கல விளையாட்டைக் காட்டினார். வெள்ளி மூன்று மணிக்குப் பட்டியலில் யார் ஸ்கோர் அதிகமோ, இடம் அவருக்கு.

இன்று வெள்ளி. மணி இரண்டே முக்கால். முடிவு பார்க்க இருவரும் பகலிலேயே வந்திருந்தார்கள்.

திரையில் முதல் வரி அக்காவுடையது: 96,200. இரண்டாவது தகரத்துடையது: 04,350. மூன்றாவது, சூப்பர்வைசர் எப்போதோ அடித்த 88,000.

நேற்று அவன் ஆடும்போது எண் 99,990 வரை ஏறியது. அடுத்த கல் வெடித்ததும் 00,040 ஆனது. அந்தக் காலத்து விளையாட்டு அப்படித்தான், நிறைந்தால் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று, அதை மானிட்டரில் ஏற்றி வைத்த கம்ப்யூட்டர்காரன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். இன்று காலை வீட்டில் தூக்கம் வராமல் புரண்டபோதுதான் தகரத்துக்கு உறைத்தது.

"நாலாயிரம் எப்படிய்யா எண்பத்தெட்டாயிரத்துக்கு மேல உக்காரும்? எனக்கு முன்னாடி ஒரு ஒண்ணு இருக்கு. நீ மறைச்சுட்ட."

கம்ப்யூட்டர்காரன் மானிட்டரைத் திரும்பிப் பார்த்தான். அவன் லேபிள் அக்காவின் கூடப்பிறந்த அக்கா மகன். அது கிடங்குக்கே தெரியும்.

அவன் சொன்ன விளக்கம் இதுதான். விளையாட்டின் படம் ரொம்பச் சின்னது. அந்த அளவை இந்த மானிட்டர் ஏற்காது, படம் உருண்டுகொண்டே போகும். அதனால் இரண்டு மடங்காக்கினான். அப்படியும் சுற்றிலும் கறுப்புப் பட்டை தெரிந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சூப்பர்வைசர்தான் இழுத்து நிரப்பச் சொன்னார். இழுத்ததில் ஓரம் கொஞ்சம் பிளாஸ்டிக் சட்டத்துக்கு அடியில் போயிருக்கலாம். இப்போது நோண்டினால் விளையாட்டு அணைந்து பட்டியலே அழிந்தாலும் அழிந்துவிடும்.

"மேல ஒண்ண ஒட்டி உள்ள இருக்கறத மறைக்கறது உங்க குடும்பத் தொழிலா?" என்றான் தகரம்.

மூலை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லேபிள் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீங்க பேசாதீங்க அக்கா. ஆறு வருஷமா பொண்டாட்டி மூஞ்சிய மாடிப்படியில பாக்கறவன் நான். வயித்தெரிச்சல கிளப்பாதீங்க."

அவள் மறுபடி சோற்றில் கை வைத்தாள்.

சூப்பர்வைசர் சமாதானம் பேசிப் பார்த்தார். தகரம் விடவில்லை. படம் முழுசாகத் தெரிந்த பிறகு திரை என்ன காட்டுகிறதோ அதுதான் முடிவு, மறுபேச்சு இல்லை என்று அவரை ஷிஃப்ட் நோட்டில் எழுதச் சொல்லி, கீழே தானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். அக்காவும் எழுந்து வந்து இடது கையால் கிறுக்கிவிட்டுப் போனாள்.

"அணைக்காம மாத்து. பட்டியல் போச்சுன்னா உன்னைப் பார்சல் பண்ணி அனுப்பிடுவேன்."

கம்ப்யூட்டர்காரன் மெனுவைத் திறந்தான். இரண்டு மடங்கை அப்படியே விட்டு, 'திரையை நிரப்பு' என்பதை மட்டும் எடுத்தான். படம் ஒரு முறை துள்ளிச் சுருங்கியது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தது. இடது ஓரம் மட்டும் இன்னும் சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

தகரம் அவனைத் தள்ளிவிட்டு, மானிட்டருக்குக் கீழே இருந்த திருகைத் தானே பிடித்தான். முகம் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, இரண்டாவது வரியிலேயே கண்ணை ஊன்றித் திருகினான். படம் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. சட்டத்துக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு எட்டிப் பார்த்து, முழுசாக வெளியே வந்து நின்றது.

1,04,350.

"வாசிங்க சார். சத்தமா வாசிங்க."

சூப்பர்வைசர் அவன் தோளுக்கு மேலாக எட்டி வாசித்தார். ஒரு லட்சத்து நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. கம்ப்யூட்டர்காரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். தகரம் மனைவிக்கு அடிக்க போனை எடுத்தபடியே மூலை மேசையைத் திரும்பிப் பார்த்தான்.

"நைட்ல குளிரும் அக்கா. ஸ்வெட்டர் எடுத்து வச்சுக்குங்க."

லேபிள் அக்கா கை கழுவிவிட்டு வந்தாள். அவன் நகர்ந்த இடத்தில் நின்று திரையை முதல் வரியிலிருந்து படித்தாள்.

"எனக்கும் ஒரு ஒண்ணு முளைச்சிருக்கு தம்பி."