எடுத்தவர்

ஆணி இருந்தது. அதற்குக் கீழே சீட்டு இருந்தது. படம் மட்டும் இல்லை.

அவள் சீட்டை இன்னொரு தடவை படித்தாள். கணவரின் பெயர்தான், எழுத்துப்பிழைகூட இல்லை. பெயருக்குக் கீழே படத்தின் தலைப்பு: 'அஞ்சு நிமிஷம்.'

இதெல்லாம் ஒரு தலைப்பா? கடிகாரத்தைப் படம் எடுத்து வைத்தாரோ என்னவோ. அவர் செய்தாலும் செய்வார்.

ராத்திரி முழுக்க மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தாள். கால் இரண்டும் தன்னுடையவை என்றே தோன்றவில்லை. கீழே கேமரா கம்பெனியின் கடை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கேமராக்கள் நகை மாதிரி உட்கார்ந்திருந்தன. வழவழவென்ற தரையில் அவள் செருப்பு மட்டும் கீச்சுக் கீச்சென்று ஊரைக் கூட்டியது. "எந்த மாடல் பார்க்கறீங்க மேடம்?" என்று ஒரு பெண் ஓடிவந்தாள். இவள் மாடியைக் கைகாட்டிவிட்டுப் படியேறிவிட்டாள்.

மாடியில்தான் படக்கூடம். வெளியாட்கள் அனுப்பும் படங்களில் தேறியதைக் கம்பெனியே பெரிதாக்கி இங்கே மாட்டுகிறது, அதில் ஒன்றுக்குப் பரிசும் உண்டு. தன் படமும் தேறிவிட்டது என்று கணவர் போன மாதம் சொன்னார். உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவலி. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு அவர் பிடியே கொடுக்கவில்லை.

ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டுக் கேமராவும் கையுமாக அலைகிற மனிதர். அவளுடைய அண்ணனுக்கு ஸ்டேஷனரி கடை. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். "மாப்பிள்ளைய அனுப்பும்மா. வேலைவெட்டி இல்லாம எத்தனை நாளைக்கு இப்படி?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். இன்றைக்குள் பதில் வேண்டுமாம்.

பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். படம் சுவரில் இருந்தால் இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவது. இல்லாவிட்டால் நாளைக்கே கடைக்கு.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய்க் கேட்டாள்.

"அதை எடுத்தாச்சும்மா."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. துணி எடுக்கிறோம், நகை எடுக்கிறோம். அதே மாதிரி யாரோ வந்து, பார்த்து, பிடித்துப்போய் எடுத்திருக்கிறார்கள். இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"யாரு எடுத்தாங்கக்கா?"

"எடுத்தவரேதான் எடுத்தாரு. போன வாரம் வந்து, கழட்டித்தான் ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னு, கையோட தூக்கிட்டுப் போயிட்டாரு. பரிசே அந்தப் படத்துக்குத்தான்னு இங்க பேசிக்கிட்டாங்க. சொல்லிப் பார்த்தோம், கேக்கல."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாலு பேர் மதித்து மாட்டியதைக்கூடக் கழற்றிக்கொண்டு வரத்தான் இந்த மனிதருக்குத் தெரியும். இவருக்காகவா இத்தனை வருஷம்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும். ஆனால் கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

அண்ணனுக்குச் சொல்லிவிடலாமென்று போனை எடுத்தாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. காலிச் சுவருக்கு எதிரே பெஞ்சு ஒன்று கிடந்தது.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்."

கண் விழித்தபோது கூடத்தில் ஈ காக்கை இல்லை.

வாசலில் ஒரு பலகை நின்றது. அந்த அம்மாள் நாற்காலியை வாசலுக்கே நகர்த்தி, இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். படியேறி வந்த இரண்டு பேரைச் சத்தமில்லாமல் கையாட்டித் திருப்பி அனுப்பினாள்.

இவள் அடித்துப் பிடித்து எழுந்தாள். "மூடிட்டீங்களாக்கா? எழுப்பியிருக்கலாமே."

அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ தூங்கினப்புறம்தாம்மா எனக்கு விளங்குச்சு. தலை ஒருபக்கம் சாய்ஞ்சு, வாய் லேசாத் திறந்து, கை மடியில மல்லாந்து. தினமும் அந்தப் படத்துக்கு எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன். கழட்ட வந்தன்னிக்கு அவரு, 'வீட்டுல நான் பார்க்கறது வேற, அவ அசந்து கிடக்கறத இத்தனை பேர் நின்னு பார்க்கறது வேற'ன்னாரு. அதான் நானும் பலகைய வச்சுட்டேன்."

அவள் கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

தினமும் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் சாயும்போது அவள் சொல்வதுதான் அது. ஒரு அஞ்சு நிமிஷம். அவளைக் கேட்காமல் எடுத்திருக்கிறார். அவளைக் கேட்காமலே சுவரிலிருந்து எடுத்தும் விட்டார். வீட்டுக்குப் போய்த் திட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அழுகையாக வந்தது.

"அந்தச் சீட்டை நான் எடுத்துக்கட்டுமாக்கா?"

"எடுத்துக்கம்மா."

பாதிப் படி இறங்கும்போது போன் அடித்தது. அண்ணன்.

"என்னம்மா, மாப்பிள்ளை வராரா இல்லையா?"

"வரமாட்டாருண்ணே," என்றாள். "அவருக்கு வேலை இருக்கு."