தலைவரோடு எடுத்த படம்

“அந்தப் படத்தைக் கழட்டுங்கோ எண்டு காலமையில இருந்து கத்துறன். காதில விழேல்லையோ?”

தேநீர்க் கோப்பைகளைக் கழுவியபடியே கேட்டாள் ஜொஹறா. மாங்குளம் சந்திக்குப் பக்கத்தில் அவளும் கணவர் இஸ்ஸதீனும் நடத்தும் சின்னத் தேநீர்க் கடை அது. தகரச் சுவரில் தொங்கிய படத்தில், நாட்டின் முன்னாள் தலைவர் இஸ்ஸதீனின் கைகளைப் பிடித்தபடி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் நேற்று ஊழல் வழக்கில் கைதுசெய்திருந்தார்கள்.

“அது அங்கேயே இருக்கட்டும்” என்றார் இஸ்ஸதீன்.

ரொட்டி தின்றுகொண்டிருந்த ஓட்டோக்காரச் சிவகரனுக்குச் சிரிப்பு வந்தது.

“இஸ்ஸதீன் நானா, அவரின்ர சொந்தக் கட்சிக்காரரே படத்தையெல்லாம் கழட்டிப்போட்டினம். உங்களுக்கு மட்டும் இன்னும் அவரில அவ்வளவு விருப்பமோ?”

“கையைப் பிடிச்ச மனிசனைக் கெதியா மறக்கேலுமோ தம்பி?”

“நல்லா மறக்கலாம்!” ஜொஹறா வெடித்தாள். “அந்தாளின்ர முகத்தைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது. சனம் எங்களையும் கள்ளரெண்டுதான் நினைக்கும்.”

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, தானே படத்தைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கொழும்பிலிருந்து வந்த விசாரணை அதிகாரிகள் இருவர் இறங்கினார்கள்.

சிவகரன் பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு நழுவினான். ஜொஹறா கதிரையில் நின்றபடியே படத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“அதைக் காட்டுங்கோ அம்மா” என்றார் தமிழ் தெரிந்த அதிகாரி. வாங்கிப் பார்த்துவிட்டு இஸ்ஸதீனிடம் திரும்பினார். “இதில நிக்கிறது நீங்கள்தானே?”

“ஓம் சேர், நானேதான்.”

ஜொஹறா கதிரையிலிருந்து மெல்ல இறங்கினாள்.

“அண்டைக்கு அவர் உங்களுக்கு என்ன தந்தவர்?”

இஸ்ஸதீன் உள்ளே போய், சிவப்பு நாடா கட்டிய சாவி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“புது வீட்டின்ர திறப்பு சேர். மேடையில ஏத்தி, எல்லாருக்கும் முன்னால தந்தவர்.”

“நல்லது. அந்த வீட்டை ஒருக்காப் பாப்பம். எங்க இருக்கு?”

“அதை அவரிட்டக் கேக்கத்தான் சேர் இந்தப் படத்தைக் கழட்டாம வைச்சிருந்தனான். திறப்பைத் தந்த மனிசன், வீடு எங்கயெண்டு இண்டைவரைக்கும் சொல்லேல்ல.”