இன்னொரு செமஸ்டர்

"அப்பா இப்படிப் படுத்துக் கிடக்குறப்ப இன்னொரு செமஸ்டர் வேணும்னு வந்து நிக்கிறியே மிர்னா, உன் நெஞ்சுல ஈரமே இல்லையா?"

நுய் அக்கா என் விண்ணப்பத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகம் ஒன்றின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அவர் கையில்தான் இருக்கிறது. சுலவேசித் தீவின் மலையிலிருந்து ஒரே ஒரு செமஸ்டருக்கு எக்ஸ்சேஞ்சில் வந்தவள் நான். முதல் வாரமே என்னைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார். அதனால் திட்டுகிற உரிமையும் தானாக வந்துவிட்டது.

என் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் அவர் தயார் செய்த இன்னொரு காகிதம் இருந்தது. பரீட்சையை முன்கூட்டியே எழுதிவிட்டு நான் ஊருக்குப் போகலாம். நாலு பேராசிரியர்களிடமும் அவரே அலைந்து ஒப்புதல் வாங்கியிருந்தார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொன்னேன்.

ஆகஸ்டிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அதுபோல. வகுப்புக்குப் போகிறேன், குறிப்பு எடுக்கிறேன், யாராவது சிரித்தால் கூடச் சிரிக்கிறேன். நூடுல்ஸ் கடையில் மிளகாயை அள்ளிக் கொட்டிச் சாப்பிடுகிறேன். கடைக்கார அம்மாள்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னது என் தப்பு.

வகுப்புப் பிள்ளைகள் கூடி நின்று, சீக்கிரம் குணமாகுங்கள் மாமா என்று ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார். நுய் அக்கா கோயிலில் மந்திரித்த வெள்ளைக் கயிறு வாங்கி வந்தார். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இருந்தாலும் தபாலில் வந்த கயிற்றை அம்மா அப்பாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

"இப்ப எப்படித்தான் இருக்காங்க?" என்று அக்கா கேட்டார்.

"அப்படியேதான் இருக்காரு அக்கா."

மூன்று மாதமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

அப்போது போன் அடித்தது. அம்மா. மதியச் சோறு வைத்ததும் தினமும் வீடியோவில் கூப்பிடுவார்.

"அப்பாவுக்குச் சோறு வச்சுட்டேன். உன் குரலக் கேக்கணும்னு இருப்பாரு, ரெண்டு வார்த்தை பேசு" என்று போனைக் கட்டில் பக்கம் திருப்பினார்.

எங்கள் ஊர் குளிர் ஊர். கழுத்துவரை போர்வை, தலையில் கம்பளிக் குல்லா. நடுவில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. சாப்பிட்டீங்களா அப்பா என்றேன்.

எட்டிப் பார்த்த நுய் அக்கா சட்டென்று எழுந்து நின்று கைகூப்பினார். "நல்லாத் தூங்குறாங்க, எழுப்பிட வேண்டாம்னு சொல்லு" என்று என் காதோடு சொன்னார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏங்க, யுனிவர்சிட்டி மேடம் எந்திரிச்சு நின்னு உங்களக் கும்பிடுறாங்க" என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"டிசம்பர் இருபத்தேழுன்னு நாள் குறிச்சாச்சு. பாப்புவாவுல வேலையா இருக்குற சித்தப்பாகூட லீவு போட்டுட்டாரு. மூத்தவ வராம ஆரம்பிக்கக் கூடாதுன்னுட்டாங்க பெரியவங்க. எப்பம்மா வர்ற?"

மேசைமேல் இருந்த இரண்டு காகிதத்தையும் ஒரு தடவை பார்த்தேன்.

"பரீட்சை இருக்கும்மா. அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் மொழி அக்காவுக்குப் புரியாது. என்னவாம் என்றார்.

"நாள் குறிச்சுட்டாங்களாம். எனக்காகக் காத்திருக்காங்களாம்."

"ஆபரேஷனா?"

தலையை எப்படியோ ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப கிளம்புடி! நீ போனாத்தான் நடக்கும்னா, போகணுமா இல்லையா?"

"நான் போனாத்தான் நடக்கும் அக்கா."

சொல்லிவிட்டு, கவிழ்ந்து கிடந்த என் விண்ணப்பத்தைத் திருப்பினேன். எதுவரை தங்க விருப்பம் என்ற கட்டம் காலியாக இருந்தது. மே 31 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசை அதிர முத்திரை குத்தினார். கல்நெஞ்சுக்காரி என்று தாய்லாந்து மொழியில் முணுமுணுத்தார். அந்த அளவுக்கு எனக்கும் அந்த மொழி வந்திருந்தது.

அப்பாவின் மூச்சு நின்றது ஆகஸ்ட் பதினொன்று. நான் இங்கே வந்து இறங்கிய ஒன்பதாம் நாள். நீ படி, அப்பா காத்திருப்பார் என்றார் அம்மா.

எங்கள் தொராஜா மலையில் அதை யாரும் சாவு என்று சொல்வதில்லை. உடம்பு கெடாமல் இருக்க மருந்து ஏற்றி, வீட்டிலேயே படுக்க வைத்து, வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் வைத்து, நோயாளி என்றுதான் பேசுவோம். பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்ந்து, முற்றத்தில் பலி கொடுக்கும் முதல் எருமை விழும்போதுதான் அவர் இறக்கிறார்.

மூத்தவள் நான் போகாமல் எருமையை யாரும் அவிழ்க்க மாட்டார்கள்.

மே மாதம்வரை என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அவ்வளவுதான்.