ஒதுங்கும் கரை

கடல் யாரைக் கொண்டுபோனாலும் நீரோட்டம் அவரை இந்தப் பாறைக்கரையில்தான் திரும்பக் கொண்டுவந்து போடும். அதனால் அந்த ஊரில் யாரும் தேடிப் போவதில்லை. உடலைப் போர்த்தப் புது வேட்டியோடு வந்து இங்கே உட்கார்ந்துவிடுவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் கணவன் தொம்மைக்காக ரெஜினாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் நீரோட்டம் திசை மாறி வருஷமாகிவிட்டது. மீன் வேறெங்கோ போகிறது, மழை வேறெங்கோ கொட்டுகிறது, இங்கே மார்கழியிலும் மணல் சுடுகிறது. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

விடிந்தபோது ஓர் உடல் ஒதுங்கியது. கொழுந்தன் மிக்கேல் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தான்.

"அண்ணன் இல்ல மைனி. செம்பட்ட முடி. கம்பளிச் சட்ட போட்டிருக்கான். ஏதோ குளிர் நாட்டுக்காரன்."

அவள் மெல்ல எழுந்து வந்தாள். செத்தவனின் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். வெக்கையாக இருக்குமே என்பதுபோலச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். பிறகு வேட்டியை விரித்துப் போர்த்தினாள்.

"அப்ப அண்ணனுக்கு?"

"அவரு போய் ஒதுங்குற எடத்துல குளிரும்லா," என்றாள். "யாராவது கம்பளி வச்சிட்டு உக்காந்திருப்பாவ."