மேலே தூக்கும் சைகை

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருப்பவர்கள்: ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் தங்கசாமி, அதே வண்டியை ஓட்டும் யாக்கோபு, ஒரு நர்ஸ், ஸ்ட்ரெச்சரில் பாதி மயக்கத்தில் தங்கசாமியின் மகள் மதுமதி. அவளுக்கு இதயத்தில் ஓட்டை. மதிய வெயில் பச்சைத் திரை வழியாக இறங்குவதால் வராந்தா தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல அசைகிறது. தங்கசாமிக்குச் சாமியைக் கும்பிடத் தெரியும், வேண்டியதைக் கேட்கத் தெரியாது. அதனால் யாக்கோபு பைபிளைப் புரட்டி, அதில் யார் யார் எப்படிக் கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். “யோனா கடலுக்கடியில, மீனு வயித்துக்குள்ள இருந்து கூப்புட்டாருங்ணா.” “எத்தன அடி?” கம்ப்ரசர் இரைச்சலில் காது மந்தமான தங்கசாமியின் குரல் சுவரில் மோதித் திரும்புகிறது. நர்ஸ் முறைக்கிறாள். “போரா போட்டாங்க, அடி சொல்றதுக்கு? மெல்லப் பேசுங்ணா. அன்னாள்னு ஒரு அம்மா, கொழந்த வேணும்னு கேட்டுச்சு. சத்தமே இல்ல, ஒதடு மட்டும் அசைஞ்சுது. பாத்தவரு குடிச்சிருக்குதுன்னு நெனச்சுட்டாரு.” “சத்தமில்லாம சாமிக்கு எப்படிறா கேக்கும்?” “ரிக்குல நாம பேசியா வேல பாக்கறோம்?” ரிக்கில் குழியோரம் நிற்பது தங்கசாமியின் வேலை. லீவர் வேறொருவர் கையில் இருக்கும். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, ஆழத்தில் இருக்கும் துளையிடும் ராடை ஏற்றச் சொல்வதற்குச் சைகைதான். ஸ்ட்ரெச்சர் நகர்கிறது. அவன் உதடுகள் அசைகின்றன, சொல் எதுவும் வரவில்லை. வலது கை மட்டும் உள்ளங்கையை மல்லாத்தி, முழங்கால் உயரத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே வருகிறது. நர்ஸ் அவன் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்து மோந்து பார்க்கிறாள். கை இன்னும் உயர்கிறது. மதுமதிக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது, உள்ளே தாழ் விழுகிறது.