கொக்கி கழற்றாத ஆர்மோனியம்

ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. பாட்டு பீரியடை எல்லாம் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டதால், அது வாய் திறந்து வருஷக்கணக்காயிற்று.

ஆண்டு விழாவன்று அதைத் துடைத்து, பூச்சரம் சுற்றி, மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதன் கட்டைகள்மேல் விரல் வைத்தாள். காற்றடிக்கும் துருத்தியை மூடி வைத்திருந்த கொக்கியை யாரும் கழற்றவே இல்லை. ஆனாலும் அரங்கம் முழுக்க ஆர்மோனியச் சத்தம் கேட்டது. பாட்டும் கேட்டது. பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்தார்கள்.

ஆர்மோனியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மிருதங்கண்ணே, இது என் குரல் இல்லையே. யாரு வாசிக்கிறது?"

"மூலையில நிக்குது பாரு, அந்த ஸ்பீக்கர்தான். என் தோல் எப்பவோ கிழிஞ்சாச்சு. பேசாம உக்காரு."

"பெத்தவங்க எல்லாம் முன்னாடி உக்காந்திருக்காங்க. பிள்ளைங்களுக்கு ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது. இது அடுக்குமா? எனக்கு மூச்சு மட்டும் வரட்டும், கத்தி ஊரைக் கூட்டுறேன்."

பாட்டு முடிந்தது. அந்தப் பெண் எழும்போது முழங்கை பட்டுக் கொக்கி கழன்றது. துருத்தி விரிந்தது. ஆர்மோனியத்துக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

அதே நேரம் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாமே அருமை. ஆனா அந்த ஆர்மோனியம் இருக்கே, தேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை ஆர்மோனியம் இழுத்த மூச்சை விடவே இல்லை. அப்புறம் மூலைப் பக்கம் மெல்லத் திரும்பியது.

"ஸ்பீக்கரண்ணே, அடுத்த வருஷமும் நீங்கதானே?"